நஞ்சின் பெயரை யார் சொல்வது?

2017ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவரும் கூலியாட்களும் நூற்றுக்கணக்கில் நோயுற்றனர். ஏறக்குறைய 20 பேர் மாண்டனர். பலர் பல மருந்துகளைக் கலந்து தெளித்திருந்தமையால், இன்ன நஞ்சென்று துணிவது எளிதாயிருக்கவில்லை.

கண்மணி சுருங்கி, வியர்வையும் உமிழ்நீரும் பெருகினால், ஆர்கனோபாஸ்பரஸ் வகை நஞ்சென ஐயுற்று மருத்துவர் அட்ரோபின் செலுத்துவார். எல்லா நஞ்சுக்கும் அம்முறை பொருந்தாது. அறிகுறிகளைக் கொண்டு நஞ்சின் வகையைச் சுட்டும் கைபேசிச் செயலி, சிற்றூர் மருத்துவருக்கு நல்ல துணையே. ஆயினும், நோயறிதலினும் அறிவித்தலிலேயே அதன் பெரும்பயன் உள்ளது என்பது எம் கருத்து. நச்சு நிகழ்ச்சிகளை அறிவிக்குமாறு பணிக்க, 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்துள்ளது. நோயாளர் நெருக்கடிக்கிடையே தனியே படிவம் நிரப்ப எந்த மருத்துவருக்கு ஓய்வுண்டு? செயலியில் குறித்த விவரமே அறிக்கையாகவும் செல்லுமாயின், ஒரே மருந்தால் பல ஊர்களில் தீங்கு நேர்வது விரைவில் புலப்படும்.

மருந்தின் பெயரைச் செயலி தானே அறியாது. அது வயல்வரப்பில் கிடக்கும் புட்டியின் சீட்டில் உள்ளது. நோயாளியுடன் அச்சீட்டின் படத்தையும் அனுப்பச் செய்வது களப்பணியாளர் கடன். சீட்டிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பாயின் அது மிகக் கொடிய நஞ்சு என்பதை ஆசிரியர் படத்தின் வாயிலாகக் கற்பிக்கலாம். எழுத்தறியாத தந்தைக்குப் பிள்ளையே எடுத்துச் சொல்லும்.