பிசிஓஎஸ்: மகளுக்கு உடற்பயிற்சி நேரம் கொடுங்கள்

மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, முகமெல்லாம் பரு, தாடையில் முடி என்று மகள் சொன்னால், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல வீடுகளில் கிடைக்கும் பதில் இரண்டுதான்: ‘உடம்பைக் குறை’, ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’. இரண்டுமே அவளைக் கைவிடும் பதில்கள்.

சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ், குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலோருக்கு இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்தே இருக்கிறது. தசைகள் இன்சுலினுக்கு இணங்காதபோது கணையம் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகுதி, சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் புரதம் கல்லீரலில் உருவாவதையும் குறைக்கிறது. பருவும் முடியும் தள்ளிப்போகும் மாதவிடாயும் அதன் விளைவுகள்.

நம் சமூகம் இதை அசட்டை செய்ய முடியாது. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. பிசிஓஎஸ் அந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. தெற்காசியப் பெண்களுக்கு, பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே இன்சுலின் எதிர்ப்பு வரக்கூடும்.

உடற்பயிற்சியின் வலிமை இங்கேதான் தெரிகிறது. வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவியில்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் இன்சுலினுக்கு அது நன்றாக இணங்கும். பிசிஓஎஸ் உள்ளவர்களிடம், செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் கூடுதலாகவே காணப்படுகிறது. பயிற்சியின்போது அது சற்று ஏறினாலும், தொடர்ந்து செய்பவரின் உடல் குளூட்டாதயோன் போன்ற தன் தற்காப்புகளை வலுப்படுத்திக்கொள்கிறது. பட்டினி கிடந்து ஒரே நாளில் உடலை வதைப்பதில் இந்தப் பலன் கிடைக்காது.

பயிற்சியால் டெஸ்டோஸ்டிரோன் குறைவது சிறிதளவே. ஆளுக்கு ஆள் மாறும். மருத்துவர் தரும் மாத்திரைக்கும் பயிற்சி மாற்றல்ல. ஆனால் இன்சுலின், இடுப்புச் சுற்றளவு, இதயத் திறன் ஆகியவற்றில் கிடைக்கும் முன்னேற்றம், எடை இறங்காவிட்டாலும் வரக்கூடியது. எடையை மட்டும் பார்த்து ‘பலனில்லை’ என்று பாதியில் விடுபவர்கள் இதை அறிய வேண்டும்.

மொனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. எந்த வகைப் பயிற்சியும் மற்றதைவிட உயர்ந்ததென்று அது சொல்லவில்லை. லேக் கார்டனில் வேகநடை போகலாம். பிரிக்பீல்ட்ஸ் நுண்கலைக் கோயிலில் பரதம் ஆடலாம். வீட்டிலேயே தண்ணீர்ப் போத்தலைத் தூக்கலாம்.

மருத்துவர்கள், ‘எடையைக் குறை’ என்று அனுப்பிவிடாமல், எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரட்டும். பெற்றோரே, வயதுக்கு வந்ததும் மகளின் விளையாட்டை நிறுத்தாதீர்கள். வாரத்தில் ஐந்து மாலை அவளுக்கு அரைமணி நேரம் கொடுங்கள். அந்நேரம் அடுப்படிக்கு அழைக்காதீர்கள். மாதவிடாய் தள்ளிப்போனால், சர்க்கரைப் பரிசோதனைக்கு அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.