பசியின் எடை என்ன?

மங்கலம்பேட்டைப் பக்கம் எடை போடுறதுன்னா நெல்லு, மல்லாட்டை, முந்திரிக்கொட்டை. இதையெல்லாம் விளைய வைத்த உடம்பை யாரும் தராசில் ஏற்றுவதில்லை.

பி.எம்.ஐ. என்று டாக்டர்கள் சொல்லும் உடல் நிறைக் குறியெண் பெரிய வித்தை இல்லை. மீட்டரில் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, வருவதைக் கொண்டு கிலோ எடையை வகுத்தால் முடிந்தது. ஆனால் இந்த எண்ணை வைத்துப் பேசுவதெல்லாம் தொப்பையைப் பற்றித்தான். ஆசியருக்கு 23-லேயே எச்சரிக்கை வேண்டும் என்று 2004-இல் உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு சொன்னது. நியாயம்தான், சர்க்கரை நோய் நம்ம தெருவுக்கும் வந்தாச்சு. ஆனால் 18.5-க்குக் கீழே கிடக்கிறவர்களைப் பற்றி யார் பேசுறது?

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. காசம் என்று தெரிந்ததும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். குறியெண் 14 அல்லது அதற்கும் கீழ் என்றால் அது அபாயம். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 14 என்றால் முப்பத்தொன்றரைக் கிலோ. அந்த எடையை நெருங்கியும் ஒருத்தி நடவுக்குப் போய்க்கொண்டிருப்பாள். 'ஒல்லி வாகு' என்று ஊர் சொல்லும். வாகு இல்லீங்க, அது பசி.

உடம்பை எண்ணாக்குவது அதிகாரத்தின் வேலை என்று நண்பர்கள் சிலர் வாதாடலாம். அளந்தவர்களை நமக்குத் தெரியாதா? சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சாதிக்குச் சாதி மூக்கை அளந்தார். 1909-இல் ஏழு தொகுதி போட்டார். அந்த அளவுகோல் மனுசரை வரிசைப்படுத்தியது. இந்தத் தராசு சோறு போடச் சொல்கிறது. இரண்டும் ஒன்றில்லை.

சோறும் மருந்துதான் என்பதற்குச் சாட்சி ஜார்க்கண்ட். அங்கே நோயாளியின் குடும்பத்துக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்தாருக்குப் புதிதாகக் காசம் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. 2023-இல் லான்செட் இதழ்களில் முடிவுகள் வந்தன.

காசநோயாளியின் சத்துணவுக்கு அரசு தந்த மாதம் 500 ரூபாய் 2024 நவம்பரில் 1000 ஆனது. அது வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்கில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்றால் என்ன ஆகும் என்பது கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும். பணம் நிற்கும், பசி நிற்காது.

ஆகவே இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற நம்ம சனம் சீட்டோடு மட்டும் திரும்பக் கூடாது. "எடை போடுங்க, உயரம் பாருங்க, சீட்டில் எழுதுங்க" என்று கேட்கணும். பாஸ்புக்கில் ஏறாத காசு யாருக்கும் வரவில்லை. சீட்டில் ஏறாத பசியும் அப்படித்தான். செத்தபிறகு 'காசம்' என்று மட்டும் எழுதிவிடுவார்கள்.