சொல்லு, பார்க்கலாம்!

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அங்கே செய்யும் காரியங்கள் மூன்று. முதலாவது, அருவியில் குளிப்பது. இரண்டாவது, குளித்த பசிக்குச் சாப்பிடுவது. மூன்றாவது காரியத்தைப் பற்றி ஊர் திரும்பியதும் யாரும் பேசுவதில்லை. ஆனால் அதிக நேரம் செலவாவது அதில்தான். அதாவது, காத்திருப்பது. ஆனி, ஆடி மாதங்களில் மலைமேல் மழை பலத்துவிட்டால், பேரருவியின் வெள்ளம் வளைவையும் தாண்டிக் கொட்டும். குளிக்கக் கூடாது என்று போலீஸார் தடுத்துவிடுவார்கள். பிறகு என்ன செய்வது? குற்றாலத்திலோ தென்காசியிலோ எடுத்த அறையில், பாட்டி முதல் பேரன் வரையில் பத்துப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இக்காலத்தில் அந்தப் பாக்கியமும் இல்லை. அவரவர் பார்ப்பது அவரவர் கைப்பேசியின் முகத்தைத்தான்.

இத்தகைய சமயத்துக்கென்றே ஏற்பட்ட விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவர் மனத்தில் ஒரு சொல்லை நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சீட்டுக் கட்டு வேண்டாம், பலகை வேண்டாம், மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. கொடியில் ஈரத் துணி சொட்டிக்கொண்டிருக்க, அதன் கீழேயே உட்கார்ந்து விளையாடலாம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் விருந்து விளையாட்டு அல்லவா?" என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். ஒரு சொல்லைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறிப்புக் கொடுத்து, முழுச் சொல்லையும் கண்டுபிடிக்கச் செய்வதற்கு அவர்கள் 'ஷராட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் பரவி, பிறகு இங்கிலாந்துக்குப் போன விளையாட்டு அது. வாஸ்தவந்தான். ஆனால் அதே நூற்றாண்டில், தென்காசிக்கு அருகிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் அந்த விளையாட்டைக் குற்றாலத்திலேயே ஆடிக் காட்டிவிட்டார் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

குற்றாலக் குறவஞ்சியில், வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறத்தி குறி சொல்கிறாள். "உன் மனத்தைக் கவர்ந்தவன் இன்னான்" என்று சொல்லவேண்டிய கட்டம் வருகிறது. பெயரை நேராகச் சொல்லிவிட்டால் குறத்திக்கு என்ன பெருமை? பெண், சேர, வல்லவன் என்று மூன்று சொற்களை அடுக்கிவிட்டு நிறுத்திவிடுகிறாள். பெண்களைச் சேர்வதில் கெட்டிக்காரன் என்று பொருள்பட்டால் எந்த நாயகிக்குத்தான் கோபம் வராது? வசந்தவல்லி சீறுகிறாள். குறத்தியோ நிதானமாக முடிச்சை அவிழ்க்கிறாள். பெண் என்றால் ஸ்திரீ. அது தமிழில் 'திரி' ஆகும். சேர என்றால் 'கூட'. வல்லவன் என்றால் 'நாதன்'. மூன்றையும் சேர்த்தால் திரிகூடநாதன்! திரிகூட மலையில் கோயில் கொண்ட குற்றாலநாதரின் திருநாமமே அது.

அந்நூலின் பின்பகுதியில் இன்னொரு வேடிக்கை. காணாமற்போன சிங்கியைத் தேடி அலைந்த சிங்கன் கடைசியில் அவளைக் கண்டுபிடிக்கிறான். அவள் உடம்பெல்லாம் புது நகைகள். காலில் விரியன் பாம்பு ஏன் கிடக்கிறது என்கிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். மண்புழுவைப் போல் நெளிகிறதே என்கிறான், அது பாடகம். செத்த தவளையைக் கட்டியிருக்கிறாயே என்கிறான், அது கெச்சம். அவன் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு விடுகதை; அவள் பதில் ஒவ்வொன்றும் விடை.

இதற்கும் எவ்வளவோ காலத்துக்கு முன்பே, தொல்காப்பியம் விடுகதைக்குப் 'பிசி' என்று பெயரிட்டு, அதை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறது. ஒப்புமை காட்டிச் சொல்வது ஒரு வகை. யானையை நடக்கும் மலையாகவும், அதன் தந்தத்தைப் பிறையாகவும் காட்டுவது போல. பொருளில் தோன்றும் அடையாளங்களை எடுத்துச் சொல்லி, கேட்பவரைத் துணியச் செய்வது மற்றொரு வகை. இதற்கு உதாரணம் குற்றாலம் கடைத்தெருவிலேயே கிடைக்கும். "கருஞ்சிவப்புச் செப்பு, உள்ளே வெள்ளைச் சுளை. செப்பின் அடியில் சின்னப் பூ முத்திரை. முத்திரையின் இதழ்களை எண்ணினால், உள்ளே எத்தனை சுளை என்று உடைக்காமலே சொல்லலாம்." மங்குஸ்தான் பழத்தை ஒரு தடவை கையில் எடுத்து உற்றுப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும், பத்துத் தடவை அவசரமாய்த் தின்றவர்களுக்கு விளங்காது.

இனி விளையாட்டுக்கு வருவோம். இருபது கேள்விக்குள் கண்டுபிடிக்கும் விளையாட்டு, 1946-ல் அமெரிக்க வானொலியிலும் 1947-ல் பி.பி.சி. வானொலியிலும் ஏறிப் பிரசித்தி பெற்றது. 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே பதில்தான். ஒவ்வொரு கேள்வியும் மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரிக்குமானால், இருபது கேள்விகளால் 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிடலாம். ஆகையால் முதற் கேள்வியிலேயே "அது கத்தரிக்காயா?" என்று பாய்வது உசிதமன்று. நம்மவர்களுக்கு முதற் கேள்வியை இலக்கணமே எழுதி வைத்திருக்கிறது: "உயர்திணையா, அஃறிணையா?"

எழுத்து எழுத்தாக ஊகிக்கும் ஆங்கில விளையாட்டில், ஒவ்வொரு தவறுக்கும் ஒரு கோடு கிழித்து, கடைசியில் ஒரு மனிதனைத் தூக்கில் போடுகிறார்கள். அவர்களுக்கு எழுத்து இருபத்தாறுதான். நமக்கோ 247. அதே விதியைத் தமிழில் வைத்தால் ஒரு மாலைக்குள் தென்காசி ஜில்லாவையே தூக்கில் போடவேண்டியிருக்கும்! முதலில் மெய்யை ஊகித்து, பிறகு உயிரை ஊகிப்பது என்று வைத்துக்கொண்டால் பல உயிர்கள் பிழைக்கும். அதைவிட நமக்கு இயல்பானது எழுத்தைக் குறைத்துக்கொண்டு போகும் விளையாட்டு. தண்டியலங்காரம் சொல்லும் அக்கரச்சுதகம் இந்த இனத்தைச் சேர்ந்ததே. "நாலெழுத்து. முழுதாக இருந்தால் பெரிய ஊர். தலை போனால் கை. தலை இருந்து மூன்றாம் எழுத்துப் போனால் விரல் நுனி." நகரம், கரம், நகம் என்று எட்டு வயதுப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவும் சுலபம். கஷ்டமான விஷயம் ஒன்று இருக்கிறது. பாட்டி 'உழக்கு' என்று நினைத்துக்கொள்கிறாள். அரிசி அளப்பது, படியில் சிறியது என்று எத்தனையோ குறிப்புக் கொடுக்கிறாள். பிளாஸ்டிக் பையில் வந்த அரிசியைத் தவிர வேறு அரிசியைப் பார்த்திராத பேரன் விழிக்கிறான். சுற்றியிருப்பவர்கள், "இதுகூடத் தெரியவில்லையா?" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்போடு அவனுக்குத் தமிழ் விளையாட்டில் இருந்த ஆசை தீர்ந்துவிடுகிறது. கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது. அடுத்த முறை அவன் 'கடவுச்சொல்' என்று நினைத்துக்கொண்டால், விழிக்கவேண்டியது பாட்டியின் முறை. ஒரே கூரையின் கீழ், ஒரே மொழி பேசுகிற இருவருக்கும் பொதுவான சொற்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. உழக்கு வீட்டை விட்டுப் போனபோதே அந்தச் சொல்லும் மூட்டை கட்டிக்கொண்டுவிட்டது. அதைத் திரும்ப அழைக்கப் பள்ளிக்கூடப் புஸ்தகத்தைக் காட்டிலும் இந்த விளையாட்டுத்தான் நல்ல வழி. சிரிப்பவர்கள் மட்டும் சற்று வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ஆகையால் வழக்கமான விதிகளோடு குறத்தியின் விதியையும் சேர்த்துக்கொள்ளலாம். வசந்தவல்லிக்கு விளங்கவில்லை என்று கண்டதும் அவள் பரிகசித்தாளா? துண்டு துண்டாகப் பிரித்து, பொருள் சொல்லி, கூட்டிக் காட்டினாள். அதுபோல, தோற்றவருக்கு விடையைப் பொருளோடும் கதையோடும் விளக்கிய பிறகே குறிப்புக் கொடுத்தவருக்கு மதிப்பெண். கேட்டவர், "அட, இவ்வளவுதானா! தெரியாமற் போயிற்றே!" என்று சொன்னால் இன்னும் ஒரு மதிப்பெண். பாட்டிக்கும் பேரனுக்கும் இதே விதிதான்.

கடைசியாக, நேயர்களுக்கு ஒன்று: "இவன் கையால் அடி வாங்க ஜனங்கள் பணம் செலவழித்து வருகிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள். அடி வாங்கியவர்கள் அவனைப் புகழ்கிறார்கள். அடி கிடைக்காதவர்கள் அழாத குறையாகத் திரும்புகிறார்கள். அவன் யார்?"

விடை அடுத்த வாரம். குற்றாலத்தில் காத்திருப்பவர்களுக்கு அவ்வளவு நாள் தேவைப்படாது.