மலிவான மண்வாரியும் கொஞ்சம் இயற்பியலும்



மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மின்காந்தத் தூண்டலுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் பலரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கருவி ஒலி எழுப்பிய பிறகு, பொருளை வெளியே எடுப்பது எது? ஒரு மண்வாரி. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. உலோகங்காட்டியில் இருப்பது அறிவியல், மண்வாரியில் இருப்பது வெறும் உடலுழைப்பு என்று எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து.

மண்வாரி என்று நான் சொல்வது, நாம் ஓங்கி வெட்டும் மண்வெட்டியை அன்று. நீண்ட பிடியும் தகட்டு அலகும் கொண்டது. காலால் மிதித்து மண்ணில் இறக்குவது. கட்டட வேலை செய்வோர் அதை ஷவல் என்பார்கள்.

பிரிட்டனில் உலோகங்காட்டியால் பழைய நாணயங்களையும் பொத்தான்களையும் தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி பெற்று வயல்களிலும் புல்வெளிகளிலும் தேடுகிறார்கள். இதற்கென்றே செய்யப்பட்ட மண்வாரிகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் அலகு குறுகலானது. ஓரத்தில் பற்கள் இருக்கும். பிடி குட்டையாக இருக்கும். விலையோ தோட்ட மண்வாரியைப் போலப் பல மடங்கு. ஆகவே சிலர் மலிவான மண்வாரி ஒன்றை வாங்கி, வீட்டிலேயே திருத்திக்கொள்கிறார்கள். அந்தத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீங்கள் வகுப்பில் படிக்கும் ஒரு விதி இருக்கிறது.

எவ்வளவு ஆழம் வேண்டும்?

உலோகங்காட்டியின் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் ஓடும்போது மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்ணுக்குள் கிடக்கும் நாணயத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டங்களின் காந்தப்புலம் மேலே வந்து, கருவியில் மிகச் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. சுருளின் அளவோடு ஒப்பிடத் தொலைவு மிகும்போது, காந்தப்புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. போகும் வழியில் ஒரு மும்மடி, திரும்பும் வழியில் ஒரு மும்மடி. ஆக ஆறாம் படி. ஆழம் இரண்டு மடங்கானால், வந்து சேரும் சைகை 64இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்!

இதனால்தான் நாணயம் போன்ற சிறு பொருள்கள் பெரும்பாலும் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழத்துக்குள் இருந்தால் மட்டுமே சாதாரணக் கருவிக்குப் புலப்படுகின்றன. அப்படியானால் கிணறு வெட்டும் அளவுக்குப் பெரிய மண்வாரி எதற்கு? சிறு குழி தோண்டும் மண்வாரியே போதும். மற்றத் திருத்தங்கள் எல்லாம் இதிலிருந்தே தொடங்குகின்றன.

அலகைக் குறுக்கினால் என்ன ஆகும்?

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் தம் முழு எடையையும் மண்வாரியின் மேல் வைப்பதாகக் கொள்வோம். விசை ஏறத்தாழ 600 நியூட்டன். அலகின் விளிம்பு 20 செ.மீ. அகலமும் 2 மி.மீ. தடிப்பும் உடையதானால் அதன் பரப்பு 4 சதுர செ.மீ. எனவே மண்ணின்மேல் அழுத்தம் 15 இலட்சம் பாஸ்கல். இப்போது இருபுறமும் அறுத்து அகலத்தை 12 செ.மீ. ஆக்கி, விளிம்பை அரத்தால் அராவி அரை மி.மீ. தடிப்புக்குக் கொண்டுவாருங்கள். பரப்பு 0.6 சதுர செ.மீ. ஆகிறது. அழுத்தம் 1 கோடி பாஸ்கல்! மனிதர் அவரே, எடையும் அதுவே. அழுத்தம் மட்டும் ஆறரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

அப்படியானால் விளிம்பைச் சவரக்கத்தி போலத் தீட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. மண்ணில் கல் இருக்கும். மிக மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே மடங்கிவிடும். மேலும் அலகின் இரு முகங்களிலும் மண் உரசுகிறது. விளிம்பு எவ்வளவு கூர்மையானாலும் அந்த உராய்வு குறையாது. உளிக்கு இருப்பதுபோல ஒரு பக்கச் சரிவு போதும்.

அரமா, சாணைச் சக்கரமா?

மின்சாரச் சாணையில் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனாலும் நான் அரத்தைத்தான் பரிந்துரைப்பேன். பதம் ஏற்றிய எஃகு அலகு சாணையில் உரசும்போது அதன் மெல்லிய விளிம்பு மிக விரைவில் சூடேறுகிறது. ஏறத்தாழ 230 பாகை செல்சியஸில் விளிம்பு வைக்கோல் நிறம் பெறும். 300 பாகையை நெருங்கும்போது நீலமாகும். நீலம் வந்துவிட்டால் பதம் இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் விளிம்பு கூராக இருந்தாலும் எளிதில் மழுங்கிவிடும்.

அந்த நிறங்கள் எப்படி வருகின்றன? எஃகின்மேல் உண்டாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் தோன்றும் வண்ணங்களுக்கும் காரணம் இதுவே. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. வெப்பமானி இல்லாத கொல்லுப்பட்டறையில் நிறமே வெப்பமானி!

மிக மலிவான மண்வாரிகளில் பதம் ஏற்றாத மென்மையான எஃகும் உண்டு. அரத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் எஃகு கடினம். எளிதில் கடித்துத் துகள் உதிர்ந்தால் மென்மை. அலகை வைஸில் இறுகப் பிடித்து, கண்ணாடி அணிந்து, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

பற்களும் பிடியும்

அலகின் ஒரு பக்க ஓரத்தில் முக்கோண அரத்தால் ஒரு செ.மீ.க்கு ஒன்றாகப் பற்கள் வெட்டுகிறார்கள். புல்வெளியில் வேர்களைப் பிய்க்காமல் அறுப்பதற்கு அவை உதவுகின்றன. வேர் பிய்ந்தால் புல் பட்டுப்போகும். மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கதவின் கீல் போல விட்டு, புல்லோடு மண்கட்டியைத் திருப்பிவைப்பது நல்ல முறை. தேடி முடித்தபின் அதை மூடி மிதித்துவிட்டால் புல் பிழைத்துக்கொள்ளும்.

மலிவான மண்வாரி பெரும்பாலும் முறிவது பிடியும் அலகும் சேரும் இடத்தில். காரணம் நெம்புகோல் விதி. இணைப்பிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 200 நியூட்டன் விசையோடு கை அழுத்தினால், இணைப்பில் திருப்புத்திறன் 200 நியூட்டன் மீட்டர். பிடியை 60 செ.மீ. ஆக வெட்டிக் குறைத்தால் அதே விசைக்கு 120 நியூட்டன் மீட்டர்தான். பெரிய பாரத்தை நெம்ப இது உதவாது. சிறு மண்கட்டிக்கு இதுவே போதும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 1881ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு தூண்டல் கருவியைச் செய்தார். அது பயன் தரவில்லை. நோயாளி படுத்திருந்த மெத்தையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. குழியருகே கிடக்கும் மண்வாரியும் அப்படித்தான். கருவியை மீண்டும் இயக்குமுன் அதை இரண்டடி தள்ளியாவது வையுங்கள்.

எங்கே நிறுத்துவது?

இவ்வளவு கூர்மையாக்கிய மண்வாரி நன்றாகத் தோண்டும். ஆபத்தும் அங்கேதான். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்னும் ஊரில் ஓர் உழவரின் சுத்தியல் தொலைந்துபோனது. அதைத் தேடிக் கொடுக்க நண்பர் ஒருவர் உலோகங்காட்டியுடன் போனார். அகப்பட்டதோ ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும்! சிலவற்றை வெளியே எடுத்தவர், அதற்குமேல் தோண்டாமல் நிறுத்தி, அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் தொல்லியலாளர் வந்து முறையாக அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 நாணயங்களும், நகைகளும், வெள்ளிக் கரண்டிகளும் கிடைத்தன. பெட்டியின் மரம் மட்கிப்போயிருந்தது. ஆயினும் பொருள்கள் இருந்த இடங்களைக் குறித்துக்கொண்டதால், அவை எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்று அறிய முடிந்தது. அந்தச் சுத்தியலும் கிடைத்தது. இன்று அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் நிறுத்தாமல் தோண்டியிருந்தால்? பொன் பொன்னாகவே இருந்திருக்கும்; ஆனால் அதன் வரலாறு குலைந்திருக்கும். மண்ணில் ஒரு பொருள் எந்த ஆழத்தில், எதன் அருகில் கிடந்தது என்பது ஒரு முறைதான் எடுக்கக்கூடிய அளவீடு. எடுக்கத் தவறினால், ஆய்வகத்தில் செய்வதுபோல் மறுபடியும் செய்து பார்க்க இயலாது. ஆகவே திருத்தங்களிலேயே சிறந்தது எது என்று கேட்டால், அலகில் 5 செ.மீ.க்கு ஒன்றாகப் போடும் வண்ணக் கோடுகளையே சொல்வேன். காசே செலவில்லாத இந்தக் கோடுகள் மண்வாரியை ஓர் அளவுகோலாக மாற்றிவிடுகின்றன. 'போதும், இங்கே நிறுத்து' என்று நினைவூட்டுகின்றன.

நம் நாட்டில் புதையல் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மண்ணில் கிடைக்கும் புதையலின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டாலே கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அது. எனவே பழைய கோட்டை, கோயில், மேடு என்று ஆசையோடு தோண்டக் கிளம்பிவிடாதீர்கள்.

புதையல் இல்லாமலே இந்தப் பாடத்தைப் படிக்கலாம். பள்ளித் தோட்டத்து ஷவல் ஒன்றில் கோடுகள் போடுங்கள். விளிம்பை அராவுவதற்கு முன்னும் பின்னும், அருகருகே உள்ள ஒரே வகை மண்ணில், அதே மாணவர் மிதிக்கும்போது எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பத்துப் பத்து முறை அளந்து சராசரி காணுங்கள். அழுத்தம் கூடிய அளவுக்கு ஆழமும் கூடியதா? கூடவில்லையென்றால் ஏன்? விலையுயர்ந்த கருவி வாங்கிக் கொடுத்தால்தான் அறிவியல் கற்க முடியும் என்று சொல்பவர்களுக்கு, அந்த அளவுகள் எழுதிய ஒரு பக்கக் காகிதத்தைக் காட்டுங்கள்.