மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு

"உடம்பெல்லாம் வலிக்கிறது டாக்டர். தூக்கம் வரவில்லை. சோறு இறங்கவில்லை."

சேலம், நாமக்கல் பக்கத்தில் இப்படிச் சொல்லி வைத்தியத்துக்கு வருகிறவர்கள் பலர். தறி ஓட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர், கோழிப்பண்ணையில் வேலை செய்கிற பெண் என்று எல்லோரும் உண்டு. ஊசி போட்டுக்கொள்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறார்கள். இரண்டு நாள் தெம்பு. மூன்றாம் நாள் பழைய கதைதான்.

வலி பொய்யல்ல. ஆனால் அதன் வேர் மனதில் இருக்கலாம். அந்த நோயின் பெயர் மனச்சோர்வு.

கவலை யாருக்கும் வரும், போகும். மனச்சோர்வு போகாது. இரண்டு வாரமாகியும் மனம் கனத்தே கிடக்கும். குழந்தையைக் கொஞ்சவும் தோன்றாது. 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் வரும். சிலருக்கு வாழவே பிடிக்காமல் போகும்.

இதை ரத்தப் பரிசோதனை காட்டாது. ரத்தசோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் சோர்வு வரும் என்பதால், அவை உண்டா என்று பார்க்கவே ரத்தம் எடுப்பார்கள். மனச்சோர்வைக் கேள்வி கேட்டுத்தான் டாக்டர் அறிய வேண்டும். ஆகவே வலியை மட்டும் சொல்லாதீர்கள். மனதில் உள்ளதையும் சொல்லுங்கள். டாக்டர்களும் "மனசு எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நோய் லேசாக இருந்தால், பயிற்சி பெற்றவர்களிடம் பேசிப் பெறும் சிகிச்சையே பலருக்குப் போதும். கடுமையானால் மாத்திரை உண்டு. 1950-களில் காசநோய்க்குக் கொடுத்த ஒரு மருந்து, நோயாளிகளின் மனதையும் தெளியவைத்தது. அதிலிருந்து பிறந்தது இந்த வைத்தியம். இன்று எத்தனையோ நல்ல மருந்துகள் இருக்கின்றன.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மாத்திரை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். "நாலு நாள் சாப்பிட்டேன், கேட்கவில்லை" என்று நிறுத்துவது தவறு. குணமான பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டியிருக்கும். எப்போது, எப்படி நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியம் உண்டு. 2022-ல் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. 'சாகலாம்' என்று யாராவது சொன்னால், அவரைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

"பைத்தியம் என்று ஊர் சொல்லுமே, பெண்ணுக்குக் கல்யாணம் தடைப்படுமே" என்று பலர் நோயை மூடி வைக்கிறார்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறோம். அதில் வெட்கம் உண்டா? இதிலும் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து ஓர் உயிரை இழக்கலாமா?