மரக்கன்று நட்டால் மண் சுத்தமாகிவிடுமா?



வருஷா வருஷம் ஜூன் 5 வந்தால் மரக்கன்று நடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால், "தோல்ஷாப் கழிவு தேங்கிய நிலத்தில் கன்று வைத்தால் போதும், விஷத்தை மரமே உறிஞ்சிவிடும்" என்று நம்மில் சிலர் சொல்றாங்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தோல் பதனிடப் போடும் குரோமிய உப்பில் ஒரு பங்கு கழிவுநீரோடு வெளியே போகிறது. இது 3 இணைதிறன் கொண்டது. 6 இணைதிறன் கொண்டது இதைவிடக் கொடியது. தண்ணீரில் கரைந்து வேகமாகப் பரவும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, 1.5 லட்சம் டன் அளவுக்கு இந்தக் கழிவை விட்டுப் போனது.

இந்த மண்ணில் வைத்த கன்றுக்கு வேர்தான் முதலில் அடி வாங்கும். தாக்குப்பிடிக்கிற கன்று, உள்ளே வந்த குரோமியத்தில் பெரும்பகுதியை வேரிலேயே பூட்டி வைக்கும். இலைக்குப் போவது கொஞ்சம்தான். குரோமியம் ஒரு தனிமம். எந்த மரத்தாலும் அதை ஜீரணிக்க முடியாது. ஆகவே, கன்று பிழைத்ததால் மண் பிழைத்தது என்று அர்த்தமில்லை!

வில்லோ மரம் காட்மியத்தை இலை வரை ஏற்றும். இலை உதிர்ந்தால் மறுபடி மண்ணுக்குத்தானே? நியூ கலிடோனியாவில் ஒரு மரத்தின் பாலைக் காயவைத்தால் கால் பங்கு நிக்கல் என்று 1976-ல் கண்டார்கள். அது அபூர்வம். எல்லா மரத்துக்கும் அந்தச் சக்தி கிடையாது.

அப்போ மரமே வேண்டாமா? வேண்டும்! புழுதி பறக்காமல் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அங்கே முருங்கையும் அகத்தியும் வேண்டாம். மனுஷன் வாய்க்கும் ஆடு மாடு வாய்க்கும் போகாத மரமாக இருக்கட்டும்.

எங்க அப்பா தோல்ஷாப் தொழிலாளி. அந்தக் கூலியில்தான் எங்க குடும்பத்திலேயே முதல் ஆளாக நான் படிக்கிறேன். ஷாப்பை மூடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், மாசுபடுத்துபவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பாரத்தை ஒரு சின்னக் கன்றின் தலையில் கட்டுவது நியாயமா?

பதனிட்ட நீரில் மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் வீழ்படிவாகும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடப் போடலாம். இந்த பிளான்ட்டைச் சரியாக ஓட்டப்போவது யார்? நாளைக்கு அங்கே ஷிப்ட் பார்க்கப்போகும் டிப்ளமோக்காரர்களான நாம்தான்! கன்று நடுவோம். அதற்கு முன்னால், கழிவை வாசலிலேயே நிறுத்தக் கற்போம்.