பெயர் போடாத நிருபர்கள்

1975 ஏப்ரல். கம்போடியத் தலைநகர் புனோம் பென் கெமர் ரூஜ் படையிடம் விழுந்துகொண்டிருந்த நேரம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒரே ஒருவர் இருந்தார். பெயர் மியன் லியாங். கம்போடியர். நிறுவனத்தின் வெளிநாட்டுக்காரர்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள். அலுவலகத்தில் தான் தனியாக இருப்பதாகவும், உடம்பு நடுங்குவதாகவும், இனி செய்தியை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை என்றும், இதுவே கடைசித் தகவலாக இருக்கலாம் என்றும் அடித்து அனுப்பினார். அப்படியே ஆயிற்று. கெமர் ரூஜ் அவரைக் கொன்றுவிட்டது.

இந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? போர்முனைச் செய்தியாளர் என்றதும் மனதில் வருவது குண்டு துளைக்காத ஜாக்கெட் போட்ட வெள்ளைக்கார நிருபர்தான். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. அவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர், வண்டி பிடித்தவர், செக்போஸ்ட்டில் சிப்பாயிடம் சிரித்துப் பேசி வழி வாங்கியவர், "அந்தத் தெரு வேண்டாம்" என்று தடுத்தவர் யாரென்று யாரும் கேட்பதில்லை. இன்று அவர்களுக்கு 'ஃபிக்ஸர்' என்று ஒரு பெயர் உண்டு. ஏதோ குழாய் ரிப்பேர் பார்ப்பவர் மாதிரி!

கம்போடியக் கதை சுருக்கமாக இதுதான். 1970 மார்ச்சில் இளவரசர் சிஹானுக்கைக் கவிழ்த்துவிட்டு ஜெனரல் லான் நோல் ஆட்சிக்கு வந்தார். அமெரிக்கா அவர் பக்கம் நின்றது, விமானத்திலிருந்து குண்டு போட்டது. காட்டிலிருந்து கெமர் ரூஜ் வளர்ந்தது. ஐந்து வருடம் உள்நாட்டுப் போர். அந்த ஐந்து வருடங்களில் கொல்லப்பட்ட, காணாமல் போன பத்திரிகையாளர்கள் மட்டும் குறைந்தது 37 பேர்.

இந்தப் போரைப் பற்றி நியூயார்க் டைம்ஸுக்கு எழுதியவர் சிட்னி ஷான்பெர்க். அவரோடு வேலை செய்தவர் டித் பிரான். சியம் ரீப் ஊர்க்காரர். போருக்கு முன் ஓட்டலில் வரவேற்பாளராக இருந்தவர், அதற்கும் முன் அமெரிக்க ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளர். 1973 ஆகஸ்டில் ஒரு அமெரிக்க பி-52 விமானம் நியக் லுவாங் என்ற ஊரின் மேல் தவறுதலாகக் குண்டு போட்டது. அது அமெரிக்காவே ஆதரித்த அரசின் கையில் இருந்த ஊர்! 137 பேர் செத்தார்கள். பெரிய சேதமில்லை என்ற தொனியில் தூதரகம் பேசியது, நிருபர்கள் அங்கே போகவும் வழி விடவில்லை. ஷான்பெர்க்கும் பிரானும் படகில் போய்ச் சேர்ந்தார்கள். ராணுவம் பிடித்து ஒரு இரவு வைத்திருந்தது. அப்படித்தான் உண்மைக் கணக்கு வெளியே வந்தது. அந்தப் படகுப் பயணம் உள்ளூர் ஆள் இல்லாமல் நடந்திருக்குமா? ஆனால் செய்திக்கு மேலே இருந்தது ஒரே பெயர்.

1975 ஏப்ரல் 12-ல் அமெரிக்கத் தூதரகம் ஹெலிகாப்டர்களில் காலி செய்தது. பிரானின் மனைவியும் நான்கு குழந்தைகளும் அதில் போய்விட்டார்கள். ஷான்பெர்க்கும் பிரானும் தங்கினார்கள். போர் முடிந்தால் நிலைமை சீராகும், புதியவர்கள் எப்படியாவது சமாதானமாகிவிடுவார்கள் என்று இருவருமே நம்பினார்கள். அமெரிக்கர்கள் போன பிறகு பெரும்பாலான மக்களின் வாழ்க்கை முன்னேறக்கூடும் என்ற பொருளில் ஷான்பெர்க் அந்த நாட்களில் ஒரு கட்டுரையே எழுதினார். களத்தில் நின்று, கண்ணால் பார்த்து எழுதிய ஒருவர் இவ்வளவு பெரிய தப்புக் கணக்குப் போட்டதை அவருடைய விமர்சகர்கள் பிற்பாடு திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார்கள். நியாயம்தான். குண்டு எங்கே விழுகிறது என்பதைக் களத்தில் நின்றால் பார்க்கலாம். நாளை ஆட்சிக்கு வருபவன் என்ன செய்வான் என்பதைப் பார்க்க முடியாது.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. தப்புக் கணக்கை இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டார்கள். நஷ்டம் ஒருவர் பேரில் எழுதப்பட்டது.

ஏப்ரல் 17. நகரம் விழுந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஷான்பெர்க், பிரிட்டிஷ் நிருபர் ஜான் ஸ்வைன், புகைப்படக்காரர் ஆல் ராக்காஃப் ஆகியோரை கெமர் ரூஜ் வீரர்கள் துப்பாக்கி முனையில் பிடித்து ஒரு கவச வண்டியில் ஏற்றினார்கள். பிரானை ஏறச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேண்டியது வெளிநாட்டுக்காரர்கள்தான். பிரான் வாதாடி, கெஞ்சி, தானாக அந்த வண்டியில் ஏறினார். ஏறாவிட்டால் மற்றவர்களுக்காகப் பேச ஆள் இருக்காது என்று அவருக்குத் தெரியும். மணிக்கணக்கில் பேசினார். நான்கு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அடுத்து பிரெஞ்சுத் தூதரகத்தில் தஞ்சம். அங்கே வேறொரு பட்டியல் போட்டார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்கள் இருக்கலாம், கம்போடியர்கள் வெளியேற வேண்டும். ஸ்வைனிடம் இருந்த இன்னொரு பாஸ்போர்ட்டில் பிரானின் படத்தை ஒட்டிப் பார்த்தார்கள். அது எடுபடவில்லை. நண்பர்களின் உயிரைப் பேசியே மீட்டவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். உள்ளே நின்று பார்த்தவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஷான்பெர்க்குக்கு அந்தத் தப்புக் கணக்கின் விலை சுமார் இரண்டு வாரத் தூதரக வாசமும் தாய்லாந்து எல்லை வரை ஒரு லாரிப் பயணமும். கடைசி வெளிநாட்டுக்காரரும் எல்லையைத் தாண்டிய பிறகே அவருடைய நீண்ட செய்தி மே மாதத்தில் அச்சில் வந்தது. சக மனிதர்களின் உயிருக்காகச் செய்தியை நிறுத்தி வைத்தது சரியான முடிவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் வரவே முடியாதவர்களுக்காக எதை நிறுத்தி வைப்பது?

பிரானுக்கு விலை நாலரை வருடம். படித்தவன் என்று தெரிந்தால் சாவு என்பதால் டாக்சி ஓட்டியவன் என்று சொல்லிக்கொண்டார். வயலில் வேலை. சாப்பாடு இல்லாமல் பூச்சி, எலி என்று கிடைத்ததைத் தின்றார். ஒரு கைப்பிடி நெல்லைத் திருடியதற்காகச் சாகும் அளவுக்கு அடி வாங்கினார். அவருடைய சகோதரர்கள் மூன்று பேரும் ஒரு சகோதரியும் கொல்லப்பட்டார்கள். 1979 அக்டோபர் 3-ம் தேதி தாய்லாந்து எல்லையை எட்டினார்.

இடையில் 1976-ல் ஷான்பெர்க்குக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆபத்துக்கு நடுவே தங்கியிருந்து எழுதியதற்காக. பரிசு ஒருவர் பெயருக்குத்தான். பிரான் சார்பிலும் பெற்றுக்கொள்வதாக அவர் சொன்னார். ஷான்பெர்க்கை இங்கே வில்லனாக்கத் தேவையில்லை. அவர் பிரானின் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டார், வருடக்கணக்கில் தேடினார், முகாமுக்கே பறந்து போய்ப் பார்த்தார், தன் குற்ற உணர்ச்சியை மறைக்காமல் எழுதினார். நல்ல மனிதர்தான். ஒரு நல்ல மனிதர் இருந்தும் இப்படி நடந்தது என்பதே பிரச்சினை. ஒருவருடைய மனசாட்சியை நம்பி நடத்த வேண்டிய காரியமா இது?

இந்தக் கதை 1984-ல் 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' என்று படமாக வந்தது. பிரானாக நடித்த ஹைங் எஸ். நோர் நிஜத்தில் ஒரு டாக்டர், அவரும் கெமர் ரூஜிடமிருந்து தப்பியவர். ஆஸ்கர் கிடைத்தது, சிறந்த 'துணை' நடிகர் என்று. படத்தின் பின்பாதியைத் தனியாகத் தோளில் சுமந்தவர் துணை நடிகராம்! ஹாலிவுட்டுக்கும் பத்திரிகை ஆபீசுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. 2009 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் பகுதியில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஸ்டீபன் ஃபாரலையும் அவருடன் வேலை செய்த சுல்தான் முனாதியையும் தாலிபான் கடத்தியது. கமாண்டோக்கள் வந்தார்கள். ஃபாரல் உயிரோடு மீட்கப்பட்டார். முனாதி சுடப்பட்டு இறந்தார். அவருடைய உடலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள், குடும்பத்தார் போய் எடுத்து வந்தார்கள். காபூல் பத்திரிகையாளர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

2021 ஆகஸ்ட் 15-ல் காபூல் விழுந்தபோது ஒரு மாற்றம் தெரிந்தது. நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் மூன்றும் சேர்ந்து, தங்களோடு வேலை செய்த ஆப்கானியர்களை வெளியே கொண்டுவர உதவும்படி அமெரிக்க அதிபரிடம் கேட்டன. டைம்ஸின் ஆப்கானிய ஊழியர்கள் குடும்பத்தோடு மெக்சிகோ போய்ச் சேர்ந்தார்கள். 1975-ஐ யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் நகரம் விழுந்த பிறகு, விமான நிலைய வாசல் நெரிசலில் ஓடி ஓடிச் செய்த வேலை. ஒரு நிருபரை அனுப்பும்போது அவருக்கு இன்சூரன்ஸ், ஹெல்மெட், திரும்பும் டிக்கெட் எல்லாம் முதல் நாளே கணக்கில் ஏறிவிடுகிறது. அவருக்காகப் பேசப் போகிறவரின் விசாவும் அதே நாளில், அதே கணக்கில் ஏற வேண்டும். செய்திக்கு மேலே அவர் பெயரும் வர வேண்டும், அவர் விரும்பினால். சில சமயம் பெயர் வராமல் இருப்பதுதான் உயிரைக் காக்கும், அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

மெக்சிகோ விமானத்தில் ஏறியவர்கள் பெரிய பத்திரிகையின் ஆட்கள். மாகாணத்து ரேடியோவில் செய்தி வாசித்தவர்களுக்காக அதிபரிடம் கேட்க எந்தப் பத்திரிகை முதலாளி இருந்தார்?